எடை குறைப்பு கோச்சிடம் என்ன டேட்டா கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் டயட்டீஷியனாக இருக்கிறேன். முன்பெல்லாம் சாப்பிட்டதை நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். எடை, நடந்த அடிகள், தூக்கம், இதயத் துடிப்பு, தட்டின் போட்டோ எல்லாம் அதற்குள் இருக்கிறது. "இதையெல்லாம் காட்டலாமா?" என்ற தயக்கமும் கூடவே வருகிறது. ஆன்லைன் கோச்சிடம் பணம் கட்டிச் சேர்ந்தவர்களும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"மேடம், கோச் 'டேட்டா ஷேர் பண்ணுங்க'ன்னு சொல்றார். அப்படின்னா வெயிட் மட்டும்தானே?"

எடை அதில் ஒன்று. நீங்களே டைப் செய்வது ஒரு வகை: எடை, இடுப்பளவு, சாப்பிட்டது. வாட்ச்சோ போனோ தானாக எடுப்பது இன்னொரு வகை: அடிகள், துடிப்பு, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பது. மூன்றாவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. நீங்கள் எதையும் எழுதாமலேயே போய்ச் சேர்வது அது. எந்தத் தெருவில் நடந்தீர்கள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், போட்டோவில் தட்டுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் வரும்.

"வாட்ச்ல நூறு விஷயம் காட்டுது. எல்லாத்தையும் அனுப்பிடவா?"

வேண்டாம். எந்த எண்ணைப் பார்த்து கோச் உங்கள் திட்டத்தில் ஏதாவது ஒன்றை மாற்றுவாரோ, அதைக் கொடுங்கள். மற்றது உங்களிடமே இருக்கட்டும். புதிதாக ஒன்றைக் கேட்கும்போது, "சார், இதை வச்சு என்ன செய்வீங்க?" என்று மரியாதையாகவே கேட்கலாம். "உங்கள் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் காலை உடற்பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றுவேன்" என்று பதில் வந்தால் தூக்கக் கணக்கைக் கொடுக்கலாம். "சும்மா இருக்கட்டும்" என்று வந்தால் கொடுக்கத் தேவையில்லை.

முதல் மாதத்துக்கு என் அனுபவத்தில் போதுமானவை: எடையின் வாரச் சராசரி, இடுப்புச் சுற்றளவு, சாப்பாடு, அடிகள், தூங்கி எழும் நேரம். கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தப் பதிலைத்தான் திரும்பக் காட்டப் போகிறேன்.

"தினமும் எடை பார்க்கணுமா? நேத்து 71.2, இன்னிக்கு 72.4. ராத்திரி மூணு தோசைதான் சாப்பிட்டேன். அழுகையா வருது."

ஏறியது கொழுப்பில்லை அம்மா. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் 1.2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உங்கள் தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அது நான்கைந்து நாள் சாப்பாடு. உங்களுக்கு ஏறியிருப்பது தண்ணீர். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடினால் மறுநாள் எடை ஏறும். மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கலும் எடையைக் கூட்டிக் காட்டும்.

மனசு தாங்குமானால் தினமும் பாருங்கள். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபி குடிக்கும் முன், மெஷினை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். கோச்சுக்கு ஏழு நாள் சராசரியை மட்டும் அனுப்புங்கள். ஒரு நாள் எடையை வைத்துக்கொண்டு "என்ன ஆச்சு?" என்று கேட்கும் கோச்சிடம், இனி வாரச் சராசரிதான் அனுப்புவேன் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

"கொழுப்பு சதவீதம் காட்டுற மெஷின் வாங்கியிருக்கேன். அந்த நம்பரையும் அனுப்பலாமா?"

அனுப்புவதானால் மாதத்துக்கு ஒரு முறை போதும். வெறுங்காலோடு ஏறி நிற்கும்போது மிகச் சிறிய மின்சாரத்தை அந்த மெஷின் உடலுக்குள் அனுப்புகிறது. தண்ணீருள்ள தசை அதை எளிதாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது. அந்த வித்தியாசத்தை ஒரு சூத்திரத்தில் போட்டு சதவீதத்தை ஊகிக்கிறது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலும், வியர்க்க நடந்துவிட்டு ஏறினாலும் எண் மாறும்.

பத்து ரூபாய் தையல் டேப் இதைவிட நன்றாக உதவும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லை. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் சேர்வது அதிகம் என்பதால்தான் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. எல்லையும் நமக்கு 25-க்குப் பதில் 23 என்று வைத்திருக்கிறார்கள்.

"வாட்ச் 450 கலோரி எரிச்சேன்னு சொல்லுது. அதுக்குப் பதிலா ரெண்டு பரோட்டா சாப்பிடலாம்ல?"

அந்த 450-ஐ நம்பி எதையும் சாப்பிட வேண்டாம். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சரியாகச் சொன்னன. கலோரிக் கணக்கிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமான கருவிக்கு 93 சதவீதம்.

எத்தனை நிமிடம் நடந்தீர்கள், நடக்கும்போது பேச முடிந்ததா, மூச்சு வாங்கியதா என்று அனுப்புங்கள். அதை வைத்து கோச்சால் திட்டத்தை மாற்ற முடியும்.

"பத்தாயிரம் அடி வரலைன்னா கோச் திட்றார்."

1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருள் கொண்டது. அந்த எண் பரவியது அங்கிருந்துதான். இப்போது 3,200 அடி நடக்கிறீர்கள் என்றால் அடுத்த இலக்கு 4,500. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டோ, கையில் கனமான பையோடோ நடக்கும்போது கை வீசாததால் வாட்ச் சில அடிகளை விட்டுவிடும். அதையும் கோச்சிடம் சொல்லுங்கள்.

"சாப்பாட்டை போட்டோ எடுத்தா போதுமா, கிராம் கணக்குல எழுதணுமா?"

பெரும்பாலானவர்களுக்கு போட்டோ போதும். ஆனால் நேர் மேலிருந்து எடுக்காதீர்கள், சாதத்தின் உயரம் தெரியாது. கொஞ்சம் சாய்வாக, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரை வைத்து எடுங்கள். எது எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்கு உடனே பிடிபடும். இரண்டாவது முறை போட்டுக்கொண்டால் அதையும் எடுங்கள்.

போட்டோவில் தெரியாதது எண்ணெய். ஓர் அம்மா பதினோரு நாள் போட்டோ காட்டினார். இரண்டு இட்லி, கீரை, ஒரு கரண்டி சாதம், அவரைக்காய்ப் பொரியல். தட்டில் குறையே சொல்ல முடியாது, ஆனால் எடை நகரவில்லை. அவரை அடுப்படியில் இருக்கும் எண்ணெய் கேனை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஐந்து லிட்டர் கேன். புதுசு திறக்கும் நாளில் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதச் சொன்னேன். சரியாக முப்பதாவது நாள் காலியானது. வீட்டில் நான்கு பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், அதாவது எண்ணெயில் மட்டும் 340 கலோரி. அடுத்த கேன் 48 நாள் வந்தது. அந்த வீட்டில் நான் வாங்கிய டேட்டாவிலேயே அதிகம் பயன்பட்டது அந்தத் தேதிதான்.

"கல்யாண வீட்டுல ரெண்டு பந்தி அளவுக்குச் சாப்பிட்டேன். ஆப்ல எழுதலை. தப்பா?"

தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த நாளை வெற்றாக விட்டால், அந்த வாரத்தை வைத்து கோச் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகும். 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதை சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நம்மில் யாருக்கும் இது நடக்கும். நின்றுகொண்டே வாயில் போட்ட முறுக்கு நினைவில் நிற்பதில்லை.

"கல்யாணம், கணக்கில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். அதற்காகத் திட்டும் கோச்சிடம் நீங்கள் அடுத்த முறையும் மறைக்கத்தான் செய்வீர்கள். அது அவர் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம்.

"நல்ல வாட்ச் ஒண்ணு கட்டினா தானா குறையும்னு சொல்றாங்களே?"

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளைஞர்களை இரண்டு வருடம் கவனித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை. பிறகு ஒரு குழுவுக்குக் கருவியும் கொடுத்தார்கள். கடைசியில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ. கருவி கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. எண் சேர்வது மட்டும் எடையைக் குறைக்காது. அதைப் பார்த்து யாராவது உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

"வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் காலைல வெயிட் போடுறாங்க. நான் மட்டும் போடாம இருந்தா நல்லா இருக்குமா?"

தாராளமாகப் போடாமல் இருக்கலாம். குரூப்பில் இருக்கும் அறுபது பேரில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? உங்கள் பெயர், போன் நம்பர், எடை மூன்றும் ஒரே திரையில் அவர்கள் எல்லோரிடமும் போகின்றன. கோச்சுக்குத் தனியாக அனுப்புங்கள்.

"முன்னால், பின்னால்" போட்டோ கேட்டால் இன்னும் நிதானம் தேவை. உங்களுக்கே பார்த்துக்கொள்ள என்றால் உங்கள் போனிலேயே இருக்கட்டும். கோச் பார்க்க வேண்டும் என்றால் முகம் இல்லாமல், உடை உடுத்தி எடுங்கள். விளம்பரத்தில் போடுவதற்கு தனியாக, எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும். சேரும்போது கையெழுத்துக் கேட்கும் படிவத்தில் அந்த வரியை நுழைத்திருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப் போட்டோக்கள் வாங்குபவரின் கேலரியிலும் பேக்கப்பிலும் போய் உட்காரும் என்பதால், தேவையானால் ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்போதும் இன்னொரு போனால் திரையைப் படம் எடுக்க முடியும்.

"ஆப் பாஸ்வேர்டு கொடுங்க, நானே பார்த்துக்கறேன்னு கோச் கேக்கறார்."

கொடுக்காதீர்கள். எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஆப்களில் கோச்சோடு பகிரத் தனி வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் மூலம் எந்த ஆப் எதைப் படிக்கலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்கலாம், அடி எண்ணிக்கைக்கு மட்டும் 'சரி', துடிப்புக்கு 'வேண்டாம்' என்று. ஆப்பிள் போனின் ஹெல்த் ஆப்பிலும் இதே மாதிரி தேர்ந்தெடுக்கலாம். எதுவும் புரியவில்லையா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

பெரிய நிறுவனங்களிடமிருந்தே கசிந்திருக்கிறது. 2018-இல் மைஃபிட்னஸ்பால் ஆப்பின் 15 கோடி கணக்குகளின் பெயர், ஈமெயில், மறைகுறியாக்கிய பாஸ்வேர்டுகள் திருடு போயின. அதனால் சாப்பாட்டு ஆப்புக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

"நான் நடக்கற ரூட் மேப்பை யார் பார்த்து என்ன செய்யப் போறாங்க?"

தினமும் காலை ஐந்தரைக்கு உங்கள் வீட்டு கேட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பி, ஆறே காலுக்குத் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை என்பதையும் அந்தக் கோடு சொல்கிறது. 2017 நவம்பரில், ஓடும் பாதையைப் பதிவு செய்யும் ஆப்பை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் உலகம் முழுவதும் ஓடியவர்களின் பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் உற்றுப் பார்த்தபோது, சிரியா, ஆப்கானிஸ்தானில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவமே அதில் தெரிந்தது.

கோச்சுக்கு நேரமும் தூரமும் போதும். எந்தத் தெரு என்பதை வைத்து அவர் எதையும் மாற்றப் போவதில்லை. ஆப்பில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பாதை பதிவாக வேண்டும் என்று ஆசைப்பட்டால், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் அமைப்பைப் போடுங்கள்.

"பீரியட்ஸ் தேதி, நான் சாப்பிடற மாத்திரை எல்லாம் கேக்கறார். ஆம்பளை கோச். கூச்சமா இருக்கு."

கூச்சம் புரிகிறது. தேதியைச் சொல்லாமலேயே வேலை நடக்கும். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் தண்ணீர் தேங்கி எடை ஏறுவது இயல்பு. "இந்த வாரச் சராசரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி போதும். நீங்களே சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாத்திரையில் நான் வேறு மாதிரி சொல்வேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் அது கோச்சுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மாத்திரைகளும் எடையைக் கூட்டும் என்பதால் அவற்றையும் சொன்னால் நல்லது. நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் "எடையைக் கூட்டக்கூடிய மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்லலாம். எந்த மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ கோச் சொன்னால் கேட்காதீர்கள். இப்போது இந்தியாவிலும் கிடைக்கும் எடை குறைப்பு ஊசிகளுக்கும் இது பொருந்தும். அளவை முடிவு செய்பவர் டாக்டர்.

"ஃபீஸ் கட்டறது எங்க வீட்டுக்காரர். என் ரிப்போர்ட்டை நேரா அவருக்கே அனுப்பிடறாங்க."

நிறுத்தச் சொல்லுங்கள். பணம் யார் கட்டினாலும் உடம்பு உங்களுடையது, ரிப்போர்ட்டும் உங்களுடையது. "இவ வெயிட் இந்த வாரம் எவ்வளவு?" என்று கணவர் போன் செய்து கேட்டபோது நான் "அவங்ககிட்டயே கேளுங்க சார்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எடையை வைத்துக் கேலி நடக்கிறது என்று தெரிந்தால் இதில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். எண்ணெய் கேனின் தேதியை வேண்டுமானால் வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும், அது எல்லோருடைய சாப்பாடு.

"என் பையனுக்கு 13 வயசு, 78 கிலோ. அவனையும் ஆப்ல சேர்க்கலாமா?"

முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் கலோரி இலக்கைக் கொடுக்கும் ஆப் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகள் வரை பயன்படுத்திய குர்போ என்ற எடை ஆப், பெற்றோர் அனுமதி இல்லாமல் டேட்டா சேர்த்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2022-இல் நிறுவனம் 15 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. அப்படிச் சேர்த்த டேட்டாவையும் அழிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே வைத்து, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது.

பையனின் எடையை அவனிடம் கேட்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். 13 வயதில் அது பள்ளிக்கூடம் வரை போய்விட்டால் அவனுக்கு ஏற்படும் காயம் பெரிது.

"கோச்சை விட்டு விலகிட்டேன். என் போட்டோ, எடை எல்லாம் அவர்கிட்டயே இருக்குமே?"

அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். மேலே சொன்ன 2023 சட்டத்தின்படி, சம்மதம் கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதியும் தரப்பட வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கட்டங்களாக நடைமுறைக்கு வருகின்றன. "என் எடைப் பதிவுகள், போட்டோக்கள், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் அழித்து, அழித்ததை உறுதி செய்யுங்கள்" என்று ஈமெயிலில் எழுதுங்கள், போனில் சொல்லாதீர்கள். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் கணக்கு அழிவதில்லை. முதலில் உங்கள் பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆப்புக்குள் போய்க் கணக்கை அழித்து, கடைசியாக ஆப்பை நீக்குங்கள்.

"ஆபீஸ்ல வெல்னஸ் திட்டம். வாட்ச் ஃப்ரீ, கோச் ஃப்ரீ. சேரலாமா?"

டேட்டா கோச்சோடு நிற்குமா, ஹெச்.ஆர். வரை போகுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள். மொத்தக் குழுவின் சராசரியாகப் போனால் பிரச்சினை குறைவு. பெயரோடு போகும் என்றால் அடி எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கம், துடிப்பு, மாதவிடாய் எதுவும் அலுவலகத்துக்குத் தேவையில்லை. அடி எண்ணிக்கைக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தரும் மருத்துவக் காப்பீடுகளிலும் இதையே கேளுங்கள்.

"எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு படபடங்குது. ராத்திரி எழுந்து மெஷின்ல ஏறிப் பார்க்கறேன்."

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மெஷினைப் பரணில் போடச் சொல்லுங்கள், ஆப்பின் அறிவிப்புகளை அணையுங்கள். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கத் தோன்றுவது, ஒரு இட்லிக்குத் தண்டனையாக ஓடுவது, யாரோடும் சேர்ந்து சாப்பிடப் பயப்படுவது ஆகியவை இருந்தால் எடை குறைப்பைத் தள்ளி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. கோச்சிடமும் சொல்லுங்கள். "இருந்தாலும் எடை மட்டும் அனுப்புங்க" என்று அவர் சொன்னால் அவரை விட்டு விலகுங்கள்.

"எதையும் ஷேர் பண்ண எனக்கு இஷ்டமில்லை. அப்படியும் எடை குறையுமா?"

குறையும். நாற்பது பக்க நோட்டு இன்னும் கடையில் கிடைக்கிறது. பெல்ட்டில் எந்த ஓட்டை, ஜாக்கெட்டில் எந்தத் தையல், மாடிப்படி ஏறினால் எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது, எண்ணெய் கேன் எத்தனை நாள் வந்தது என்று வாரம் ஒரு வரி எழுதி, நேரில் வரும்போது காட்டுங்கள். என்னிடம் வருபவர்களில் சிலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் நோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.